50 கிலோ இரும்புப் பெட்டி: வாங்கலாம், ஆனால் சின்னத் தட்டு இல்லாமல் வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், விளையாட்டுச் சாமான் கடைகளிலும் பெரிய பல்பொருள் அங்காடிகளிலும் வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கப்படும் ஒரு பெட்டி உண்டு. உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: ஒன்றரை மீட்டர் நீளக் கம்பி ஒன்று, 35 சென்டிமீட்டர் டம்பெல் கம்பி இரண்டு, திருகி இறுக்கும் நட்சத்திர நட்டு ஆறு, வார்ப்பிரும்புத் தட்டுகள் 40 கிலோ. தட்டுகள் 5 கிலோவில் நான்கு, 2.5 கிலோவில் ஆறு, 1.25 கிலோவில் நான்கு. கம்பியும் நட்டும் சேர்ந்து மீதிப் பத்துக் கிலோ. பெயர் எதுவாக இருந்தாலும் இந்த அமைப்புள்ள பெட்டியைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. எடைப் பயிற்சியை இப்போதுதான் தொடங்க நினைப்பவர்களை, குறிப்பாக ஜிம்முக்குள் நுழையவே கூச்சப்படுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அந்தக் கூச்சம் சும்மா வந்ததல்ல. கல்யாண வீட்டிலும் காவடி நாளிலும் பார்த்த மாத்திரத்தில் "நல்லா வெயிட் போட்டுட்டியே" என்றோ, "ரொம்ப இளைச்சிட்ட, சுகர் கிகர் இருக்கா?" என்றோ கேட்பது நம்மிடையே நலம் விசாரிப்பு. அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டே வளரும் பெண்ணுக்குத் தன் உடம்பு என்றால் மற்றவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒரு பொருள் என்று படிந்துவிடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கும் இது உண்டு. அவர்கள் வெளியே சொல்வதில்லை. எடைப் பயிற்சி இங்கேதான் உதவுகிறது. உடம்பு எப்படித் தெரிகிறது என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, அதனால் என்ன முடிகிறது என்று கேட்க வைக்கிறது. போன மாதம் எட்டு முறை தூக்கியதை இந்த மாதம் பன்னிரண்டு முறை தூக்கினால் அதற்கு யாருடைய சான்றிதழும் வேண்டாம்.

ஆகவே இந்தப் பெட்டியை நான் எடைபோடும் அளவுகோல் ஒன்றுதான். தொடங்கிய ஆளுக்கு, சின்னச் சின்னதாக, நிச்சயமாக முன்னேற்றம் காட்டுகிறதா? இதில்தான் பெட்டி தடுக்கி விழுகிறது.

கணக்கைப் பாருங்கள். டம்பெல் கம்பி ஒன்று சுமார் 1.4 கிலோ, இரண்டு நட்டோடு 1.9. பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ தட்டுப் போட்டால் 4.4 கிலோ. அடுத்த படி? பக்கத்துக்கு 2.5 கிலோ, மொத்தம் 6.9. இடையில் எதுவும் இல்லை. ஒரே தாவலில் எடை பாதிக்கும் மேல் கூடுகிறது. கால், முதுகுப் பயிற்சிகளில் இது பெரிய விஷயமில்லை. அந்தத் தசைகள் பெரியவை. ஆனால் தலைக்கு மேலே தூக்கும் பிரெஸ்ஸில் 4.4 கிலோவைப் பன்னிரண்டு முறை தூக்கும் பெண் 6.9 கிலோவை இரண்டு முறைகூட ஒழுங்காகத் தூக்க முடியாமல் நின்றுவிடுவார். முதுகை வளைத்து, இடுப்பை ஆட்டித் தூக்கப் பார்ப்பார். அப்புறம் "எனக்கு இவ்வளவுதான் பலம்" என்ற முடிவுக்கு வந்துவிடுவார். கோளாறு அவரிடம் இல்லை, தட்டில் இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகள் மூன்றாம் மாதத்தில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்வதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

சரிசெய்வது எளிது. அரைக்கிலோத் தட்டுகள் தனியாகக் கிடைத்தால் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு டம்பெல்லில் 4.4, 5.4, 6.4 என்று படி சின்னதாகிவிடும். கிடைக்காவிட்டால் ஹார்ட்வேர் கடைக்குப் போய் எம்27 அளவு இரும்பு வாஷர் கேளுங்கள். உள்துளை 28 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் கம்பியில் தாராளமாக ஏறும். ஒன்று ஏறக்குறைய 42 கிராம். ஆறு சேர்ந்தால் கால் கிலோ. பக்கத்துக்கு ஆறு வீதம் போட்டால் அரைக்கிலோ கூடும். ஆறையும் துளை வழியாகக் கயிறு விட்டுக் கட்டி வைத்தால் எண்ணி எண்ணி எடுக்கும் தொல்லை இல்லை. கம்பியில் போடும்போது கயிற்றை எடுத்துவிடுங்கள். தட்டுக்கு வெளியே, நட்டுக்கு உள்ளே போட வேண்டும். எம்24 வாங்கிவிடாதீர்கள், துளை 25 மில்லிமீட்டர்தான், பூச்சு பூசிய கம்பியில் சிக்கிக்கொள்ளும்.

நீளக் கம்பியிலும் இதே கதைதான். வெறும் கம்பி நட்டோடு சுமார் 6.3 கிலோ, அடுத்தது 8.8. வாஷர் இருந்தால் 6.8, 7.3 என்று ஏறலாம். பெட்டியில் கம்பி உள்ளீடற்ற குழாயாக இருந்தால் இந்த எண்கள் எல்லாம் குறையும். கடையிலேயே விரலால் தட்டிப் பாருங்கள். குழாய் என்றால் சத்தத்திலேயே தெரியும். குழாய்க் கம்பியை வாங்க வேண்டாம் என்பேன், 40 கிலோ ஏற்றினால் நடுவில் வளையும்.

இனி மற்ற பாகங்கள். தட்டுகளின் மேல் பொறித்த எடையை அப்படியே நம்ப முடியாது. வார்ப்பில் சில விழுக்காடு கூடக் குறைய வரும். சமையலறைத் தராசு ஐந்து கிலோ வரை காட்டும்; எல்லாத் தட்டையும் ஒருமுறை நிறுத்து, உண்மையான எடையைப் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். ஒத்த எடை உள்ளவற்றை ஜோடியாக்குங்கள். ஒரு பக்கம் 2.4, மறுபக்கம் 2.6 என்று இருந்தால் டம்பெல் கையில் சாயும், மணிக்கட்டு வலிக்கும், காரணம் மட்டும் புரியாது.

நட்சத்திர நட்டின் உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று உண்டு. தட்டை அழுத்திப் பிடிப்பது அதுதான். பெட்டியைத் திறக்கும்போது அது கழன்று அட்டைக்குள்ளேயே கிடக்கும், குப்பையோடு போய்விடும். எண்ணிப் பாருங்கள், ஆறு இருக்க வேண்டும். ரப்பரில் எண்ணெய் படக் கூடாது. பிரெஸ் செய்யும்போது டம்பெல் கையில் லேசாகச் சுழல்வதால் நட்டு மெல்லத் தளரும். ஒவ்வொரு செட்டுக்கு (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்று) முன்னும் இரண்டு பக்கமும் ஒரு திருகு திருகிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். முகத்துக்கு மேலே தட்டு கழன்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

டர்பனின் கடற்காற்று இரும்புக்கு எதிரி. வெளிவீட்டிலோ கராஜிலோ வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே தட்டின் துளை ஓரம் துருப்பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடையுங்கள். மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்துத் தட்டுகளில் மட்டும் தேய்த்தால் போதும். கம்பியின் பிடிமானப் பகுதியில் எண்ணெய் வேண்டாம். பிப்ரவரிப் புழுக்கத்தில் கை எப்படியும் வழுக்கும். ஒரு கைக்குட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் நிரப்பிய தட்டுகள் துருப்பிடிக்காது, விலையும் மலிவு. ஆனால் இரண்டு முறை தவறி விழுந்தால் உறை விரிந்து தூள் கொட்டும். தடிமன் அதிகம் என்பதால் டம்பெல் கம்பியில் போதுமான தட்டும் ஏறாது. இரும்பே மேல்.

டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பலருடைய வீடு பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். தரையில் வைக்கும் சத்தம் அந்தப் பக்கம் அப்படியே கேட்கும். 15 மில்லிமீட்டர் ரப்பர் பாய் இரண்டு அவசியம். ஓடு பதித்த தரை என்றால் பாயில்லாமல் தொடங்கவே வேண்டாம்.

இனி டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து தூக்குவது. இந்தப் பெட்டியில் இதைத்தான் எல்லோரும் தவறாகச் செய்கிறார்கள், அதற்கும் காரணம் பெட்டிதான். போட்டியில் பயன்படும் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். கம்பி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். இந்தப் பெட்டியின் 5 கிலோ தட்டு சுமார் 23 சென்டிமீட்டர் விட்டம்தான். கம்பி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, 11.5 சென்டிமீட்டரில் கிடக்கும். அவ்வளவு கீழே போனால் பெரும்பாலோருக்கு இடுப்பு மடங்காமல் முதுகு கூனும். பக்கத்துக்கு மாக்சி எனப்படும் பெரிய செங்கல் ஒன்றைப் படுக்க வைத்தால் 9 சென்டிமீட்டர். அதன் மேல் 22 மில்லிமீட்டர் பலகை. தட்டை அதன் மேல் வைத்தால் கம்பி சரியான உயரத்துக்கு வந்துவிடும். பலகையின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய மரச் சட்டம் அடித்தால் தட்டு உருண்டு ஓடாது. உங்கள் தட்டின் விட்டத்தை அளந்து, அதற்கேற்ப உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள்.

ஸ்க்வாட்டுக்கு ஸ்டாண்டு இல்லாமல் நீளக் கம்பியைத் தோளில் ஏற்ற முயல வேண்டாம். ஏற்றுவது ஒருபக்கம், களைத்த பிறகு இறக்குவது அதைவிட ஆபத்து. ஒரு டம்பெல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மேல் தட்டை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி, நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது கோப்லெட் ஸ்க்வாட். எடை முன்னால் இருப்பதால் நெஞ்சு தானாக நிமிர்ந்து நிற்கும். மேலே இருக்கும் நட்டு இறுக்கமாக இருக்கட்டும். குதிகால் தரையை விட்டு எழும்பினால் இரண்டு 1.25 கிலோ தட்டைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், அப்படியே உட்கார முடியும்.

பெஞ்ச் இல்லை என்றால் பாயில் மல்லாந்து படுத்து டம்பெல்லை நெஞ்சுக்கு மேலே தூக்கலாம், இதுதான் தரைப் பிரெஸ். மேல்கையின் பின்பக்கம் தரையைத் தொட்டதும் நிறுத்தி மேலே தள்ளுங்கள். தோள்வலி உள்ளவர்களுக்கு இது பெஞ்சைவிட நல்லது.

வாரம் மூன்று நாள் போதும். ஒரு நாள் கோப்லெட் ஸ்க்வாட், தரைப் பிரெஸ், ஒரு கை ரோ (குனிந்து நின்று டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது). அடுத்த நாள் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் பிரெஸ், மீண்டும் ரோ. மாற்றி மாற்றி. எல்லாம் மூன்று செட், எட்டிலிருந்து பன்னிரண்டு ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்), நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு ரெப் தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். உயிர் போகத் தூக்குவது தொடக்கக்காரர்களுக்கு வேண்டாம். மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கூட்டி, எட்டிலிருந்து மறுபடி ஏறுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி வேண்டும் என்று சொல்கிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு நிறைவேறிவிடும்.

பெட்டியில் இல்லாத, ஆனால் கட்டாயம் வேண்டிய சாமான் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, பயிற்சி, எடை, ரெப். "கோப்லெட் 9.4: 10, 9, 8" என்று ஒரு வரி. அடுத்த வாரம் "10, 10, 9". கண்ணாடியும் எடை பார்க்கும் மெஷினும் முதல் இரண்டு மாதத்துக்கு எதையும் சரியாகச் சொல்லாது. அந்தக் காலத்தில் கூடும் பலத்தில் பெரும்பகுதி நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருகிறது. தசை பார்வைக்குத் தெரிய இன்னும் நாளாகும். தசைக்குள் நீரும் மாவுச்சத்தும் சேர்வதால் உடல் எடை ஒன்றிரண்டு கிலோ கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து பயந்து சோற்றைக் குறைப்பவர்கள் அங்கேயே பலத்தையும் இழக்கிறார்கள். அளந்தே ஆக வேண்டும் என்றால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவை அளக்கலாம். தெற்காசிய வம்சாவளியினருக்குப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. நம்மிடையே சர்க்கரை நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்ளும் இடம் தசைதான். ஆனால் சாப்பாட்டை அளந்தே மனம் நொந்துபோன வரலாறு உள்ளவர்கள் டேப்பையும் மெஷினையும் அறவே ஒதுக்கிவிட்டு நோட்டை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

"இரும்பு தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிடுவ" என்று பாட்டிமார்கள் சொல்வதற்கு ஒரு பதில்: பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவு. 46 கிலோ முழுவதையும் ஏற்றித் தூக்கினாலும் ரவிக்கையின் கைப்பகுதி கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், பதினெட்டு இருபது வயதுப் பையன்கள். எவ்வளவு வளர்ந்தாலும் தன் கை ஒல்லி என்றே கண்ணாடியில் தெரிவதும், அதனால் தசை வளர்க்கும் ஊசி மாத்திரைக்குப் போவதும் உண்மையான நோய். பயிற்சி தவறினால் பதற்றம், சாப்பாட்டுக்காகக் குடும்ப நிகழ்ச்சியைத் தவிர்ப்பது, சட்டை கழற்ற மறுப்பது ஆகியவை அடையாளங்கள். அங்கே டம்பெல் மருந்தல்ல. மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற அமைப்பான சடாக் தொலைபேசியில் இலவசமாக வழிகாட்டுகிறது.

மனநிலைக்குப் பயிற்சி எவ்வளவு உதவும் என்று கேட்பவர்களுக்கு: 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, எடைப் பயிற்சி மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைத்தது என்று கண்டது. கவனிக்க வேண்டியது, பலம் குறிப்பிடும்படி கூடாதவர்களுக்கும் அந்தப் பலன் இருந்தது. ஆகவே நோட்டில் எண் ஏறாத வாரங்களும் வீணில்லை.

உயரம் குறைவு, உடம்பு சிறிது என்று தயங்குபவர்கள் பிரெஷஸ் மெக்கென்சியைப் பற்றிப் படிக்க வேண்டும். 1936இல் இதே டர்பனில் பிறந்தவர், ஐந்தடிக்கும் குறைந்த உயரம். வெள்ளையர் அல்லாதவர் என்பதால் 1958இல் தென்னாப்பிரிக்க அணியில் இடம் கொடுக்கவில்லை. பிறகு இங்கிலாந்துக்காக 1966, 1970, 1974 ஆகிய மூன்று காமன்வெல்த் போட்டிகளிலும், நியூசிலாந்துக்காக 1978இலும் பளுதூக்குதலில் தங்கம் வென்றார். குள்ளமான உடம்பில் எடை நகர வேண்டிய தூரம் குறைவு. அது குறையல்ல, வசதி.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. உடல் எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு 84 முதல் 112 கிராம். மூன்று முட்டையில் 18 கிராம் போல, வேக வைத்த சுகர் பீன்ஸ் ஒரு கோப்பையில் 15, அமாசி என்ற புளித்த பால் ஒரு கோப்பையில் 8. புரட்டாசியில் கறி மீன் நிறுத்துபவர்கள் அந்த மாதம் சோயா மின்ஸைக் கூட்டிக்கொள்ளுங்கள். உலர்ந்த 100 கிராமில் 50 கிராம் புரதம். அந்த மாதம் எடையைக் கூட்டாமல் அதே எடையில் நிலைத்திருந்தாலே போதும். விலை உயர்ந்த புரதப் பொடி இல்லாமல் இதெல்லாம் முடியும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, தூக்கும்போது வெளியே விட வேண்டும். இதயக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

யாருக்கு இந்தப் பெட்டி சரிவராது? ஏற்கெனவே 60 கிலோ டெட்லிஃப்ட் செய்பவருக்கு இது விளையாட்டுப் பொம்மை. கால் பலமுள்ளவர்கள் ஆறேழு மாதத்தில் 46 கிலோவைத் தாண்டிவிடுவார்கள்; அதற்குமேல் 25 மில்லிமீட்டர் கம்பிக்குத் தட்டு வாங்கிச் சேர்க்காதீர்கள், அந்தப் பணத்துக்கு 50 மில்லிமீட்டர் முனையுள்ள கம்பிக்குப் போங்கள் அல்லது ஜிம்மில் சேருங்கள். அதற்குள் நோட்டில் எண்கள் நிறைந்திருக்கும், ஜிம் வாசலில் கால் தயங்காது. மற்றபடி மின்வெட்டு நாளிலும் வேலை செய்யும், டாக்சிச் செலவில்லை, யாரும் பார்ப்பதில்லை. என் மதிப்பெண்: பெட்டி அப்படியே என்றால் ஐந்துக்கு மூன்று, வாஷர், பாய், செங்கல் சேர்த்தால் நான்கு.

கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, நட்டு ஒவ்வொன்றும் கம்பியின் இரண்டு முனையிலும் சிக்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள். திருகுமரை தேய்ந்த கம்பி அடிக்கடி வருகிறது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் இவற்றில் எது வேண்டும் என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இணையத்தில் வாங்கினால் கையில் கிடைத்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம். ஆனால் அனுப்பும் செலவு உங்களுடையது. 50 கிலோவுக்கு அது சின்னத் தொகை அல்ல. அதனால் இந்த ஒரு பொருளைக் கடைக்கு நேரில் போய் வாங்குவதே நல்லது.